கணினிக் கூடத்துக்கு மின்பகிர்மானம்: கேள்வி பதில்

(பதில்கள் எல்லாம் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்புக்கு.)

கேள்வி: வணக்கம் சார். ஒரே கூடத்தில் 60 கணினிகள் வைக்கப்போகிறோம். சிங்கிள் பேஸ் போதுமா? எத்தனை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக ‘விழுந்து’ லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுவது?

பதில்: பவர் சப்ளையில் 500 வாட் என்று அச்சிட்டிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது தரக்கூடிய உச்சம். எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. ஒரு கணினியைத் திரையோடு சேர்த்து, முழு வேலை கொடுத்து, வாட் மீட்டரில் அளந்து பாருங்கள். 250 வாட் வந்தால் அறுபதுக்கும் 15,000 வாட். பவர் ஃபேக்டர் (வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுத்தால் வரும் எண்) 0.95 என்றால் சிங்கிள் பேஸில் 69 ஆம்பியர். மூன்று பேஸில் பிரித்தால் பேஸுக்கு 20 கணினி, 23 ஆம்பியர். ஆகவே மூன்று பேஸ்தான்.

ஒவ்வொரு பேஸையும் நான்கு கிளையாக்குங்கள். கிளைக்கு 5 கணினி, சுமார் 6 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் சி வகை எம்சிபி. லோடு 6 தானே, 16 எதற்கு என்றால், சுவிட்ச் போட்ட கணத்தில் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெபாசிட்டர் காலியாக இருக்கும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லி செகண்டுக்கு 30, 40 ஆம்பியர்கூட இழுக்கும். கரண்ட் போய்த் திரும்பும்போது ஐந்தும் ஒன்றாக இழுக்கும். பி வகை எம்சிபி தன் ஆம்பியர் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். அப்போதும் விழுந்தால் கிளைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இந்த நான்கு போக, பேஸுக்கு ஒரு கிளையாவது காலியாக விட்டுவையுங்கள்.

இனி நியூட்ரல். மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஓடாது என்று பாடத்தில் படித்திருப்போம். கணினி லோடுக்கு அது செல்லாது. பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று) இல்லாத பவர் சப்ளை அலையின் உச்சியில் மட்டும் கரண்டை இழுக்கும். அதில் பிறக்கும் 150 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் உப அலை), மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கழிபடாமல் கூடிக்கொண்டே போகும். பேஸ் கரண்டைப் போல 1.7 மடங்கு வரை ஏறலாம். பேஸைத்தான் எம்சிபி பார்த்துக்கொண்டிருக்கிறது, நியூட்ரலை அல்ல. ஒயர் சத்தமில்லாமல் கருகும். அதனால் மெயின் கேபிளில் பாதி அளவு நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பேஸுக்குச் சமமாகவாவது இருக்கட்டும். பழைய பவர் சப்ளைகள் நிறைய இருந்தால் இரண்டு மடங்கு போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனி நியூட்ரல். ட்ரூ ஆர்எம்எஸ் (அலை கோணலாக இருந்தாலும் சரியாகக் காட்டும்) கிளாம்ப் மீட்டரால் நியூட்ரலையும் அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: 24 கணினிகளுக்கு ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் காலையில் எல்லாவற்றையும் போட்டதும் ட்ரிப் ஆகிறது. ஆர்சிசிபி கெட்டுவிட்டதா?

பதில்: ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். கணினியும் திரையும் சேர்ந்து 1 முதல் 2 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 24 கணினிக்கு 24 முதல் 48. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழலாம். கிளைக்கு ஒன்றாகப் பிரித்து, 5 கணினியோடு நிறுத்துங்கள். துடிக்கும் டிசி கசிவையும் உணரும் ஏ வகை வாங்குங்கள். தயவுசெய்து 300 மில்லி ஆம்பியருக்கு மாற்றிவிடாதீர்கள். அது தீ விபத்துக்கான காப்பு, ஆளைக் காப்பாற்றாது.

கேள்வி: ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் எத்தனை கணினி மாட்டலாம்?

பதில்: நிரந்தரக் கூடத்தில் ஒன்றுகூட வேண்டாம். சுவரிலோ மேசையிலோ நிலையான சாக்கெட் வையுங்கள்.

கேள்வி: எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. வாங்கிய பின் எத்தனை வாட் இழுக்கிறது என்று அளந்து வாருங்கள், ஒயர் சொல்கிறேன். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடுவதாக இருந்தால் எம்சிபி அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் எலக்ட்ரீஷியன் கணினிகளுக்குத் தனி எர்த் குழி வேண்டும், கட்டட எர்த்தோடு சேர்க்கவே கூடாது என்கிறார். சரியா?

பதில்: குழி போடட்டும், ஆனால் கட்டட எர்த்தோடு சேர்த்தே ஆகவேண்டும். தனிக் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 1 ஓம் என்று வைப்போம். பேஸ் ஒயர் கேபினெட்டில் பட்டால் ஓடுவது 230-ஐ 6-ஆல் வகுத்தால் வரும் 38 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை உடனே விழ 80-க்கு மேல் வேண்டும். அது விழும்வரை கேபினெட்டில் 190 வோல்ட் நிற்கும்.

எலக்ட்ரீஷியன்: ஆர்சிசிபி இருக்கிறதே, அது விழுந்துவிடுமே சார்? இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம்.

பதில்: ஆர்சிசிபி விழும், ஒப்புக்கொள்கிறேன். அது பழுதானால் அடுத்த காப்பு எது? இன்னொன்று, பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு குழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். கட்டட எர்த்தில் இருக்கும் கருவிக்கும் உங்கள் கணினிக்கும் நடுவே ஓடும் நெட்வொர்க் கேபிள்தான் அதற்கு வழி. கணினிக்குள் இருக்கும் போர்டுகள் கூட்டமாகப் போகும்.

எலக்ட்ரீஷியன்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 4 வோல்ட் காட்டுகிறது. தனிக் குழி இல்லாமல் அதை எப்படிக் குறைப்பது?

பதில்: அந்த 4 வோல்ட் உங்கள் நியூட்ரல் ஒயரில் விழும் வோல்டேஜ். கரண்ட் ஓடுகிறது, ஒயருக்குத் தடை இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை குழி தோண்டினாலும் அது குறையாது. நியூட்ரலைத் தடிமனாக்குங்கள், கிளையின் நீளத்தைக் குறையுங்கள். அதை மறைக்கக் கிளை டிபி பாக்ஸில் (மின்பகிர்வுப் பெட்டியில்) நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடாதீர்கள். லோடு கரண்ட் எர்த் ஒயரிலும் கேபினெட்டிலும் ஓடத் தொடங்கும்.

கேள்வி: ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் ஆறு கணினி...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஏசியையும் யுபிஎஸ்ஸில் போடலாமா?

பதில்: வேண்டாம், தனி லைன். 15 கிலோவாட் லோடு அத்தனையும் வெப்பமாகத்தான் முடியும், அதற்கே 4.3 டன் ஏசி வேண்டும், ஆட்களுக்கு மேற்கொண்டு. யுபிஎஸ் வாங்கும்போது கேவிஏ-வை (கிலோ வோல்ட்-ஆம்பியரை) பார்க்காமல் கிலோவாட்டைப் பாருங்கள்.

கேள்வி: நேற்று ஒரு வரிசையில் திரைகள் மங்கின, அடுத்த வரிசையில் எட்டு பவர் சப்ளை ஒரே நேரத்தில் வெடித்தன. பேஸ் சரியாக இருக்கிறது.

பதில்: மெயின் நியூட்ரல் கழன்றிருக்கிறது. நியூட்ரல் போனால் இரண்டு பேஸ்களுக்கு நடுவே உங்கள் வரிசைகள் தொடராக மாட்டிக்கொள்ளும். லோடு அதிகமுள்ள வரிசையில் வோல்டேஜ் இறங்கும், குறைவான வரிசையில் 300-ஐயும் தாண்டும். மெயினை அணைத்து, பூட்டி, கரண்ட் இல்லை என்று சோதித்த பின் நியூட்ரல் பஸ்பாரைத் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் உலோகப் பட்டையை) திறந்து பாருங்கள். கருத்த ஸ்க்ரூ தென்படும். ஒயர் நுனியை வெட்டிப் புதிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) அடித்து, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஸ்க்ரூவை மறுபடி சோதியுங்கள். மெயினில் ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்றும் போடுங்கள். நியூட்ரலுக்கு மட்டும் தனி ஃபியூஸ் எங்காவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.