இன்சூரன்ஸ் இல்லையென்றால் டாக்டரே இல்லையா? அமெரிக்க இலவச கிளினிக்குகள் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் நர்ஸிங் படித்து, இப்போது டெக்சஸில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு இலவச கிளினிக்கில் பி.பி. பார்ப்பது, சுகர் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது, தமிழ் மட்டும் தெரிந்தவர் வந்தால் கூட நின்று பேசுவது என் பொறுப்பு. அமெரிக்காவில் மிக அதிக விகிதத்தில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் வாழும் மாநிலம் டெக்சஸ்தான். அதில் நம் ஆட்களும் உண்டு. டெக்சஸின் பல ஊர்களிலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். நான் வக்கீல் இல்லை. விசா சம்பந்தப்பட்ட இடங்களில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளானோவிலிருந்து ஒரு மகள்: அக்கா, அம்மா ஆறு மாத விசிட்டுக்கு வந்திருக்கிறார். கொண்டுவந்த சுகர் மாத்திரை தீரப்போகிறது. விசிட்டர் இன்சூரன்ஸில் ஏற்கனவே இருந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்களாம். இலவச கிளினிக்குக்குக் கூட்டிப்போகலாமா?

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா இலவச கிளினிக்குகளுக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: இன்சூரன்ஸ் இல்லை, அந்த கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறார், வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கிறது. பல இடங்களில் அந்த வரம்பு, மத்திய அரசு சொல்லும் வறுமைக்கோட்டைப் போல இரண்டு மடங்கு. 2025 கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு ஆண்டுக்கு 32,150 டாலர். இரண்டு மடங்கு 64,300. அம்மாவை ஆதரிப்பவர் நீங்கள் என்பதால் உங்கள் வருமானத்தையும் சேர்த்துக் கேட்கும் இடங்கள் உண்டு. விசிட்டர் பாலிசியையும் இன்சூரன்ஸாகவே கணக்கில் எடுக்கும் இடங்களும் உண்டு. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் நல்ல சம்பளம் வாங்குகிறீர்கள் என்றால், அந்த நாற்காலியை வேறு வழியே இல்லாத ஒருவருக்கு விட்டுக்கொடுங்கள். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கையிலிருந்து பணம் கட்டுபவர்களுக்கு என்ன கட்டணம் என்று சாதாரண கிளினிக்கில் முதலிலேயே கேளுங்கள், சொல்வார்கள். சுகருக்குப் பலரும் போடும் மெட்ஃபார்மின் விலை குறைந்த மருந்து. வால்மார்ட் 2006-ல் தொடங்கிய 4 டாலர் மருந்துப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. வேண்டியது இங்கே லைசென்ஸ் உள்ள டாக்டரின் சீட்டு மட்டும்.

மாத்திரை அட்டையில் உள்ள கம்பெனிப் பெயரை இங்கே யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து கலந்து தருகிறார்களே, அதில் பல கலவைகள் இங்கே கிடையாது, பிரித்துத்தான் எழுதுவார்கள். பாராசிட்டமாலை இங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். இரண்டும் வேறு வேறு என்று நினைத்துச் சேர்த்துப் போட்டுவிட்டால் கல்லீரல் கெடும்.

இர்விங், வேலை போனவர்: போன வாரம் லே-ஆஃப். கோப்ராவுக்கு (வேலை போன பிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸை நாமே பணம் கட்டித் தொடரும் வழி) மாதம் கேட்கும் தொகை வீட்டு வாடகையை நெருங்குகிறது. மனைவிக்குத் தைராய்டு. என்ன செய்வது?

கோப்ராவில் ஒரு வசதி பலருக்குத் தெரியாது. சேருகிறீர்களா இல்லையா என்று முடிவெடுக்க 60 நாள் தருகிறார்கள். அதற்குள் எப்போது சேர்ந்தாலும் பழைய இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே செல்லும். இடைப்பட்ட மாதங்களுக்கும் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதனால் இன்றைக்கே கட்ட வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசித் தேதியை மறக்காதீர்கள். அரசின் இன்சூரன்ஸ் சந்தையில் தனியாகப் பாலிசி வாங்கவும் வேலைவழி இன்சூரன்ஸ் நின்றதிலிருந்து 60 நாள் உண்டு. ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களும் வாங்கலாம். மானிய விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, வாங்கும் அன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியில் இலவச கிளினிக்குக்கு வருவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். இன்று உங்களுக்கு வருமானம் இல்லை. வேலை நீக்கக் கடிதமே சான்று. தைராய்டு மாத்திரையை மட்டும் ‘வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று நிறுத்த விடாதீர்கள்.

ஹூஸ்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சிஸ்டர், இது நம்மூர் ஜி.ஹெச். மாதிரியா? யார் பணம்?

இல்லை ஐயா. ஜி.ஹெச். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கே போவது நம் உரிமை. இங்குள்ள இலவச கிளினிக் தனியார் தொண்டு. நன்கொடை வந்தால் விளக்கு எரியும். நாடு முழுக்கச் சுமார் 1,400 இருக்கின்றன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1967 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் டேவிட் ஸ்மித் என்ற இளம் டாக்டர் ஒரு கிளினிக் திறந்தார். ஊர் ஊராக வந்து குவிந்த இளைஞர்களை ஆஸ்பத்திரிகள் சீண்டாத நேரம் அது. மருத்துவம் சலுகை அல்ல, உரிமை என்பதுதான் அந்த இடத்தின் முழக்கம். அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் பல நகரங்களில் கறுப்பின மக்களுக்காக இலவச கிளினிக்குகள் நடத்தினார்கள். சிக்கிள் செல் என்ற ரத்தநோய்க்குத் தெருவில் இறங்கிப் பரிசோதனை செய்தார்கள். 1990-களில் தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் ஜாக் மெக்கானல் என்ற டாக்டர், அங்கே ஓய்வில் குடியேறியிருந்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் திரட்டி, அந்தத் தீவின் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் உழைப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்க வைத்தார். இன்றும் நம் கிளினிக்குகளின் முதுகெலும்பு இப்படி ஓய்வுபெற்றவர்கள்தான்.

இன்னொரு வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மத்திய அரசின் நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள். அவை முழு இலவசம் அல்ல; வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும், பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. 1965-ல் பாஸ்டனில் முதல் மையத்தைத் தொடங்கியவர்களில் ஜாக் கைகர் ஒருவர். பிறகு மிசிசிப்பியில் பசியால் நோயுற்றுக் கிடந்த குழந்தைகளுக்கு அவர் மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார். அந்த ஊர்க் கடைகள் பாலும் இறைச்சியும் கொடுத்துவிட்டு, மருந்துக் கணக்கிலிருந்து பணம் வாங்கிக்கொண்டன. மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு உணவுதான் மருந்து என்று பதில் சொன்னார். நான் நர்ஸாக இருப்பதில் பெருமைப்படும் நாட்களில் இவரை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வகையில் உங்கள் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிய 211 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

ஆஸ்டினிலிருந்து ஒருவர்: இலவசம் என்றால் படிக்கிற பிள்ளைகள்தான் பார்ப்பார்களா?

சில கிளினிக்குகளை மருத்துவ மாணவர்களே நடத்துகிறார்கள். ஆனால் லைசென்ஸ் உள்ள டாக்டர் பார்க்காமல் ஒரு மாத்திரைகூட உங்கள் கைக்கு வராது. மாணவர் முதலில் எல்லாம் கேட்பார், உள்ளே போய் டாக்டரிடம் சொல்வார், பிறகு இருவரும் வருவார்கள். நேரம் ஆகும். ஆனால் சாப்பாட்டிலிருந்து தூக்கம் வரை அவ்வளவு பொறுமையாகக் கேட்பவர்களை வேறு எங்கே பார்க்கப்போகிறீர்கள்? சிகிச்சையில் தவறு நேர்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தகுதிபெற்ற இலவச கிளினிக்குகளின் தன்னார்வ டாக்டர்களுக்கு மத்திய அரசே சட்டப் பாதுகாப்புத் தருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை, நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வாசலில் உண்டியல் இருந்தால் விருப்பமிருந்தால் மட்டும் போடுங்கள்.

கேட்டி என்ற ஊரிலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சு வலிக்கிறது என்கிறார். கிளினிக் சனிக்கிழமைதான். அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. வலி வரும்போதே 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் பணம் பெறும் எந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியும், அதாவது ஏறக்குறைய எல்லாமே, காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் நிலைப்படுத்தியே ஆக வேண்டும். பில் வரும், பெரிதாகவே வரும். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதி உதவித் திட்டம் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கிரெடிட் கார்டில் பணத்தைத் தேய்த்துவிட்டுப் பிறகு கேட்டால் சிக்கல், கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கிளினிக்கில் எங்களால் முடிவது பி.பி., சுகர், கொழுப்பு, தைராய்டு, ஆஸ்துமா, சாதாரணத் தொற்று. ஸ்பெஷலிஸ்ட் தேவை என்ற இடத்தில்தான் எங்கள் கை கட்டப்படுகிறது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், கட்டியை எடுக்க வேண்டும் என்றால், இலவசமாகச் செய்ய ஒரு டாக்டர் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கவுன்ட்டி ஆஸ்பத்திரி இருக்கும் இடங்களில் கொஞ்சம் மேல். டாலஸ் கவுன்ட்டிக்குப் பார்க்லேண்ட், ஹூஸ்டன் பக்கம் ஹாரிஸ் ஹெல்த். ஆனால் அவற்றின் உதவித் திட்டங்கள் அந்தந்த கவுன்ட்டிவாசிகளுக்கே. பிளானோவின் பெரும்பகுதி காலின் கவுன்ட்டி. அங்கிருப்பவருக்குப் பார்க்லேண்டின் திட்டம் பொருந்தாது. சாலையின் எந்தப் பக்கம் வீடு என்பது ஒருவரின் அறுவை சிகிச்சையைத் தீர்மானிப்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஓட்டலில் சமையல் வேலை. சம்பளம் கையில். பே ஸ்லிப் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. இன்சுலின் தீர்ந்துவிடும் என்று பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்கிறேன். வந்தால் விசா கேட்பார்களா அக்கா?

தம்பி, முதலில் இன்சுலின். பாதியாகப் போடுவதை இன்றே விட்டுவிட்டு, டாக்டர் சொன்ன முழு அளவைப் போடுங்கள். வாந்தி, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத தாகம், அரை மயக்கம் இதில் எது இருந்தாலும் நேராக எமர்ஜென்சி. அது இல்லை என்றால் நாளைக் காலையே பக்கத்துக் கிளினிக்குக்கோ சமூக சுகாதார மையத்துக்கோ போன் பண்ணி, ‘இன்சுலின் தீரப்போகிறது’ என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வரிசையில் முன்னால் எடுப்பார்கள். லில்லி, சனோஃபி கம்பெனிகள் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் மாதம் 35 டாலரில் இன்சுலின் தரும் திட்டம் வைத்திருக்கின்றன. விண்ணப்பத்தை கிளினிக்கிலேயே நிரப்பித் தருவார்கள். வால்மார்ட்டில் பழைய வகை இன்சுலின் விலை குறைவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அது வேலை செய்யும் நேரமே வேறு. டாக்டரோ நர்ஸோ அளவு சொல்லாமல் மாற்றினால் சுகர் திடீரென்று இறங்கிவிடும்.

பே ஸ்லிப் இல்லாதவர்கள்தான் எங்களிடம் அதிகம். முதலாளியின் ஒரு வரிக் கடிதம், அதுவும் இல்லை என்றால் நீங்களே கையெழுத்துப் போட்டுத் தரும் வாக்குமூலம், பல இடங்களில் போதும். பாஸ்போர்ட்டும், உங்கள் பெயருக்கு வந்த ஏதாவது ஒரு தபாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விசா நிலையைப் பெரும்பாலான இலவச கிளினிக்குகள் கேட்பதே இல்லை. தனியார் தொண்டு கிளினிக்கில் வைத்தியம் பார்ப்பது அரசு உதவி பெறுவதாகாது. மெடிக்எய்ட் போன்ற அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது வேறு விஷயம். கிரீன் கார்டு யோசனை இருந்தால் அதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சான் அன்டோனியோ: பல் வலி?

பல் பார்க்கும் இலவச கிளினிக் குறைவு. பார்த்தாலும் பிடுங்குவதுதான் அதிகம். பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற அமைப்பு ஊர் ஊராக இரண்டு மூன்று நாள் முகாம் போடுகிறது, பல்லும் கண்ணும்தான் அதில் முக்கியம். முதல் நாள் இரவே காரில் வந்து வரிசை பிடிப்பார்கள். 1985-ல் ஸ்டான் பிராக் அதைத் தொடங்கியபோது அமேசான் காட்டு மக்களுக்காகத்தான் நினைத்தார்; பிறகு டென்னசி மலைக்கிராமங்களிலேயே அவ்வளவு தேவை இருந்தது.

ஃபிரிஸ்கோ, ஹெச்-4 விசா (ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது): மேடம், சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் பிராக்டிஸ் செய்தேன். இங்கே வந்து உதவலாமா?

தாராளமாக வாருங்கள். டெக்சஸ் லைசென்ஸ் இல்லாமல் நோயாளிக்கு வைத்தியம் செய்ய முடியாது, அதில் சமரசம் இல்லை. ஆனால் மொழிபெயர்க்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பேசவைக்கிறார்கள். வெள்ளைப்படுதலைப் பற்றியோ மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றியோ மகன் முன்னால் எந்த அம்மா வாய் திறப்பார்? நீங்கள் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வரும். சம்பளமில்லாத உண்மையான தொண்டாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. இருந்தாலும் விசாவுக்காக ஒருமுறை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம் தெரியாதவர்களும் வரலாம். போன் எடுக்க, ஃபைல் போட, வராமல் விட்டவரை அழைத்து ‘ஏன் வரலை?’ என்று கேட்க ஆள் வேண்டும்.

ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்: இந்த ஆண்டு பொங்கல் விழாவில் இலவச மருத்துவ முகாம் போட நினைக்கிறோம். மீந்த மருந்துகளையும் சேகரித்துத் தரலாமா?

மருந்து வேண்டாம். வீட்டில் மீந்ததைக் கிளினிக்குகள் பொதுவாக வாங்குவதில்லை. அந்த உழைப்புக்குப் பணமாகத் திரட்டிக் கொடுங்கள். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், லேப் கட்டணம் இந்த இரண்டில்தான் எங்களுக்கு எப்போதும் கை கடிக்கும்.

முகாம் போடுவதற்கு முன் பக்கத்து இலவச கிளினிக்கோடு பேசி, அந்த வாரமே பார்க்கச் சில நேரங்களை ஒதுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். விழாவுக்கு வந்த ஒரு பெரியவருக்கு சுகர் 300 என்று காட்டினால், ‘டாக்டரைப் பாருங்கள்’ என்று துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பாதீர்கள். தேதியும் நேரமும் போட்டு, யார் காரில் கூட்டிப்போவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். மேசையில் பி.பி. கருவியோடு ஒருவர் உட்கார்ந்தால், பக்கத்தில் அப்பாயின்ட்மென்ட் நோட்டோடு இன்னொருவர் உட்காரட்டும்.