எக்ஸ்-கதிரில் கொத்துகளைத் தேடுவோர்: கேள்வி பதில்

கேள்வி: ஈர்ப்பால் ஒன்றாகப் பிணைந்த கேலக்ஸிக் கூட்டங்களான கேலக்ஸிக் கொத்துகளைச் சாதாரணத் தொலைநோக்கியால் பார்த்து எண்ணிவிட முடியாதா? எக்ஸ்-கதிர் எதற்கு?

பதில்: எண்ணியிருக்கிறார்களே! அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகம் எடுத்த வானாய்வின் புகைப்படத் தட்டுகளைக் கண்ணால் அலசி, வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் 1958-இல் 2,712 கொத்துகளைப் பட்டியலிட்டார். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் படத்தில் ஆழம் தெரியாது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி நிற்கும் கேலக்ஸிகளும் நம் பார்வைக்கு ஒரே கூட்டமாகத் தெரிந்துவிடும்.

உண்மையான கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடைவெளியெங்கும் வாயு நிறைந்திருக்கிறது. அதன் வெப்பம் ஒரு கோடி முதல் பத்துக் கோடி டிகிரி வரை. கொத்திலுள்ள நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவற்றைப்போலப் பல மடங்கு எடை இந்த வாயுவுக்கு உண்டு. எக்ஸ்-கதிரை வெளியிடுவது இதுதான். வாயுவின் அடர்த்தி இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்காகும். ஆகவே ஒரே நேர்கோட்டில் தற்செயலாக வந்து நிற்கும் கேலக்ஸிகளால் இந்த ஒளியைப் போலியாகக் காட்ட முடியாது.

கேள்வி: அவ்வளவு சூட்டை மூட்டியது யார்?

பதில்: ஈர்ப்பு விசை. கொத்தின் நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கரும்பொருள், அதாவது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள். அதன் ஈர்ப்பு தோண்டிய பள்ளத்துக்குள் விழுந்த வாயு மோதிச் சூடானது. ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் துகள் அளவுக்கே மெலிந்திருப்பதால், பெரும்பகுதி ஆறுவதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது.

கேள்வி: தரையிலிருந்தே பார்க்கலாமே?

பதில்: முடியாது. நம் வளிமண்டலம் எக்ஸ்-கதிரை விடாது. விட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க நாம் இருந்திருக்க மாட்டோம். 1970 டிசம்பரில் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள்தான் வானம் முழுவதையும் எக்ஸ்-கதிரில் முதலில் அலசியது.

கேள்வி: 12,247 கொத்துகளைக் கண்டுபிடித்ததாகப் படித்தேன். நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். ‘பெரும்பாலும்’ என்பதைச் செய்தித்தாள்கள் விட்டுவிட்டன; எனக்கு அதில்தான் கோபம். அது 2019-இல் ஏவப்பட்ட ஈரோசிட்டா தொலைநோக்கியின் பட்டியல், 2024-இல் வெளியானது. அதில் 8,361 கொத்துகள் அதுவரை அறியப்படாதவை. ஆனால் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினான்கு போலியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கணித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

போலி ஏன் நுழைகிறது? வானத்தை அலசிய முதல் சுற்றில் ஈரோசிட்டா பதிவு செய்த எக்ஸ்-கதிர் மூலங்கள் சுமார் ஒன்பது லட்சம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தொலைதூர கேலக்ஸிகளின் மையத்தில் இரை தின்னும் கருந்துளைகள். அவை புள்ளி, கொத்து என்பது ஈரத்தாளில் விழுந்த மைபோலப் பரவிய கறை. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? செப்பனிடாத படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். கறை எதுவும் தெரியாது. கறுப்புத் திரையில் சிதறிய சில பத்து ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), அவ்வளவுதான். வானத்தின் ஓர் இடத்துக்குக் கிடைத்த நேரம் சில நிமிடங்கள். கருவியால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய அளவும் நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஒட்டி நிற்கும் இரண்டு கருந்துளைகள் ஒரு சின்னக் கொத்தாக வேடம் போட இது போதும். தொலைவிலுள்ள அசல் கொத்து புள்ளியாகச் சுருங்கித் தப்பிவிடவும் செய்யும். அதனால் எக்ஸ்-கதிர் காட்டிய இடத்தைச் சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் சரிபார்த்து, சிவந்த கேலக்ஸிகள் கூடியிருந்தால்தான் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஏபெலின் வழியை இன்னும் யாரும் கைவிடவில்லை.

இன்னொரு சாய்வும் உண்டு. அடர்த்தியின் இருமடிக்கேற்ப ஒளி கூடுவதால், நடுவில் வாயு நெருங்கிய கொத்துகள் எளிதில் அகப்படுகின்றன. அதே நிறையுள்ள தளர்ந்த கொத்து நழுவிவிடுகிறது. எத்தனை நழுவின என்று கணிக்காமல், பிரபஞ்சத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று இந்த எண்ணிக்கையிலிருந்து சொல்ல முடியாது. பட்டியலின் நீளத்தைவிட எனக்கு அந்தக் கணக்கின் மீதுதான் மதிப்பு.

கேள்வி: அந்தப் படங்களை நானும் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. தரவு இணையத்தில் இலவசம். கன்னிக் கொத்தில் தொடங்குங்கள். அருகில் இருப்பதால் பரந்து தெரியும். புகழ்பெற்ற கோமா கொத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரோசிட்டா பார்த்த வானத்தை ஜெர்மானியரும் ரஷ்யரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வெளியானது ஜெர்மன் பாதி, கோமா இருப்பது மற்றதில்.