நம்பர் பிளேட்டை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, திருவாரூரில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2014 மாடல் ஸ்ப்ளெண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆர்.சி. புக்கில் சேஸ் நம்பரின் (வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) நடுவே ஆங்கில ‘ஓ’ எழுத்து. வண்டியில் அது பூஜ்யமாகத் தெரிகிறது. கடைசியில் இரண்டு எழுத்து துருவில் மங்கிக் கிடக்கிறது. “அதையெல்லாம் யாரு பார்க்கப் போறா” என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இப்போதைக்குப் பணம் பையிலேயே இருக்கட்டும் தம்பி.

‘ஓ’ விஷயத்தில் பயமில்லை. 17 இடம் கொண்ட சேஸ் நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. 1, 0 எண்களோடு குழம்பும் என்றுதான் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆக, புக்கில் இருப்பது டைப் அடித்தவர் கைப்பிழை. இருந்தாலும் விற்கிறவரே ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருத்தித் தரட்டும். இன்சூரன்ஸ் க்ளைமுக்குப் போய் நிற்கும்போது புரோக்கர் கூட வரமாட்டார்.

எனக்கு உறுத்துவது அந்த மங்கல்தான். சேற்றிலும் உப்புக்காற்றிலும் ஓடிய வண்டிக்கு நம்ம பக்கம் துரு சகஜம். ஆனால் துரு எழுத்தை மட்டும் தேடித் தின்னாது, சுற்றியிருக்கிற இரும்பையும் சேர்த்துத்தான் அரிக்கும். சுற்றிலும் வழவழப்பாக இருந்து எழுத்து மட்டும் மங்கியிருந்தால், யாரோ ராவியிருக்கிறார்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுசாகத் திருப்பி, சேஸ் நம்பர் பொறித்திருக்கும் வலப்பக்கக் கழுத்துக் குழாயை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், அப்புறம் பழி உங்கள் தலையில். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், ஆர்.டி.ஓ. ஃபாரத்துக்கு எடுப்பார்களே, அதே அச்சு. கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தும் எழும்பி வரும். ஹீரோ என்றால் சேஸ் நம்பர் எம்.பி.எல். என்று தொடங்க வேண்டும். பஜாஜுக்குரிய எம்.டி.2 ஸ்ப்ளெண்டரில் இருந்தால் பேச்சே வேண்டாம், பஸ் ஏறிவிடுங்கள்.

இன்ஜின் நம்பரையும் புக்கோடு ஒப்பிடுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்று தெரியும். நிஜத் துருதான் என்றால், ஆர்.டி.ஓ. அனுமதியோடு நம்பரை மறுபடி பஞ்ச் செய்ய வழி உண்டு. அந்த அலைச்சலும் விற்கிறவருடையதுதான்.

கேள்வி: காரைக்கால் வண்டி மலிவாக வருகிறது. மயிலாடுதுறையில் ஓட்டலாமா?
- வாசகி, குத்தாலம்

பதில்: ஓட்டலாம்மா. காரைக்கால் ஆர்.டி.ஓ.விடம் ஃபாரம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, மயிலாடுதுறையின் டி.என். 82 நம்பருக்கு மாற்ற வேண்டும். அந்த வரியையும் கூட்டிப் பார்த்தபிறகு மலிவா என்று சொல்லுங்கள். என்.ஓ.சி.யில் போட்டிருக்கும் சேஸ் நம்பரைக் கழுத்தோடு ஒப்பிட்ட பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.