மீன் தெய்வங்கள் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: அக்கா, மீனுக்கும் வேட்டைக்கும் இருக்கிற பெண் தெய்வங்கள்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது யாரு?

ப: செட்னா. கனடா, கிரீன்லாந்து பக்கம் இனுயிட் மக்களோட கடல் தாய். ஊருக்கு ஊர் பேரும் மாறும் கதையும் மாறும், பரவலா சொல்றது இதுதான்: புருஷன்கிட்ட இருந்து மீட்டு அப்பன் அவளைப் படகுல கூட்டிட்டு வர்றான், நடுக்கடல்ல புயல் புடிச்சுக்குது, தன் உசுருக்குப் பயந்து பெத்த பொண்ணையே தண்ணியில தள்ளுறான், அவ படகு விளிம்பை விடாம புடிக்க, விரலைக் கணுக்கணுவா வெட்டுறான். அந்தத் துண்டுங்கதான் சீல், திமிங்கலம் எல்லாம் ஆச்சு. அவ அடிக்கடல்லயே தங்கிட்டா. மேல இருக்கிறவங்க செய்யக்கூடாதுன்னு விலக்கி வச்சதைச் செஞ்சா அந்த அழுக்கெல்லாம் அவ தலைமுடியில வந்து சிக்கிக்கும், விரல் இல்லாததால அவளால சீவ முடியாது, கோவத்துல பிராணிங்களை அடைச்சு வச்சுருவா, ஊரே பட்டினி கிடக்கும். அப்ப அங்காகுக்னு சொல்ற சாமியாடி கீழ இறங்கிப் போய் அவளுக்குத் தலை சீவி விடணும். எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

கே: செட்னாவுக்கு மீன் வால் உண்டுதானே?

ப: இப்ப வர்ற சிற்பங்கள்ல நிறைய பாக்கலாம். ஆனா மானிடவியல் ஆய்வாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1888ல அச்சுல கொண்டு வந்த கதையில வால் பேச்சே இல்ல. வாலை வச்சு தெய்வத்தைத் தேடாதீங்க.

கே: அப்ப வால் உள்ள தெய்வமே கிடையாதா?

ப: சிரியாவோட அதர்காதிஸ். அஸ்கலோன்ங்கிற ஊர்ல பொம்பள முகம், மீன் உடம்புன்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் டியோடோரஸ் எழுதிருக்கார். அதே அம்மனுக்கு ஹீராபோலிஸ்ல, இன்னிக்கு மன்பிஜ்னு சொல்ற ஊர்ல, முழுப் பெண் உருவம்தான். கோயில் குளத்து மீனுக்கெல்லாம் பேரு இருந்துச்சாம், கூப்பிட்டா வருமாம். மறுபடி சொல்றேன், வால் முக்கியம் இல்ல.

கே: தாகோன்?

ப: பைபிள்ல வர்ற பெலிஸ்தரோட தெய்வம். ஆண் தெய்வம், மீனும் இல்ல. எபிரேயத்துல 'தாக்'னா மீன், அதுல வந்த குழப்பம்.

கே: மதுரை மீனாட்சி அம்மனை விட்டுட்டீங்களே?

ப: மீன் மாதிரி கண்ணு உள்ளவங்கன்னு பேரு. மீன்பிடிக்கான தெய்வம் இல்ல.

கே: சுமேரியாவோட நான்ஷேதான் நம்ம மீனாட்சின்னு சொல்றாங்களே, பாண்டியன் கொடியும் மீன்தானே?

ப: தயவுசெஞ்சு இதைப் பரப்பாதீங்க. நான்ஷே லகாஷ் நாட்டுத் தெய்வம், அவ ஊரு நினா, அந்தப் பேரை எழுதுற குறியே வீட்டுக்குள்ள மீன் இருக்கிற மாதிரி. மீனும் பறவையும் அவளோடது. அதைவிடப் பெருசு, அநாதைக்கும் விதவைக்கும் நியாயம் பாக்குறவ, கள்ள எடைக்கல் வைக்கிறவனைச் சும்மா விடாதவ. லகாஷை ஆண்ட குடேயா ராஜா கண்ட கனவுக்கு அர்த்தம் சொன்னதும் அவதான். இவ்வளவு தனிக் குணம் உள்ளவளை ஒரு மீனை வச்சு இன்னொருத்தரோட ஒட்டினா ரெண்டு பேருக்குமே அநியாயம்.

கே: ஆனா திருவிளையாடல்ல அம்பிகையே பரதவர் வீட்டுப் பொண்ணா வளர்றாங்களே?

ப: இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கிறேன். வலை வீசின படலம். ஆனா அங்கயும் சுறாவுக்கு வலை போடுறது சிவன்தான். நெய்தல் நிலத்துக் கும்பிடு எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா பட்டினப்பாலைக்குப் போங்க, பரதவர் பௌர்ணமி அன்னிக்குக் கடலுக்குப் போகாம, சினைச் சுறாவோட கொம்பை நட்டு, அதுல அணங்கு இருக்குன்னு கும்புடுறாங்க. அது ஆணா பெண்ணான்னு பாட்டு சொல்லல, அதனால நானும் சொல்ல மாட்டேன்.

கே: மீனாட்சி அம்மன் பத்தி சொல்லுங்களேன்.

ப: மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு, படிச்சுட்டு வாங்க.

கே: எகிப்துல?

ப: ஹத்மெஹித், மெண்டெஸ் ஊர். தலைமேல மீன். பேருக்கு அர்த்தம் மீன்கள்ல முதன்மையானவ.

கே: இன்னிக்கும் மீனவங்க கும்புடுற தெய்வம் வெளிநாட்டுல இருக்கா?

ப: பிரேசில்ல யெமஞ்சா. அடிமையா கொண்டு போன யொருபா மக்களோட வந்தவ, பேருக்கே மீன்களைப் பிள்ளைகளா உடைய தாய்னு அர்த்தம். பிப்ரவரி 2 அன்னிக்கு சால்வடார்ல ரியோ வெர்மெல்யோ கரையில மீனவங்க பூக்கூடையைப் படகுல ஏத்திட்டுப் போய்க் கடல்ல விடுவாங்க, வாசனைத் தைலம், கண்ணாடி, சீப்பு கூட போடுவாங்க. செட்னாவை நெனச்சுட்டு அந்தச் சீப்பைப் பாருங்க.