சர்க்கரைக்கு மூலிகை: மாட்டுங்கா மொட்டை மாடியில் கேட்டவை

போன ஞாயிறு காலை மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டிட மொட்டை மாடியில், ஃபில்டர் காபியோடு கூடினோம். பல வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவள் என்பதால் சர்க்கரை பற்றிய கேள்விகளையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நினைவில் நின்றவற்றை எழுதுகிறேன்.

தினமும் பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன். மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா? (செம்பூர் மாமா)

நீங்களாகக் குறைக்காதீர்கள் மாமா. சரன்டின் என்ற பொருளும், இன்சுலின் சாயலில் ஒரு புரதமும் பாகற்காயில் உண்டு. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2012ல் அலசிவிட்டு, சான்று போதாது என்றுதான் சொன்னது. பொரியலாகவே சாப்பிடுங்கள். ஜூஸில் சுரைக்காயும் சேர்ப்பீர்களா? அதுதான் எனக்குப் பயம். 2010ல் தில்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் குடித்து இறந்துபோனார். சில சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு ஏறியிருக்கும். கசப்பு காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் பாகற்காயோடு அரைத்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? அரைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் குப்பைக்கு.

இங்கே கடையில் "குட்மார்" என்று ஒரு இலை விற்கிறார்களே, நம்ம ஊர்ச் செடியா அக்கா?

நம்ம சிறுகுறிஞ்சானேதான். ஒரு பெண் பையில் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கொரு இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக்கொண்டோம். வாயில் மணல் மாதிரி நெறநெறத்தது, இனிப்பே இல்லை. அடுத்து குடித்த காபி வெறும் கஷாயம். ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடத்தை அடைத்துவிடுகின்றன, சுமார் அரை மணி நேரத்துக்கு. மைசூர்பாகைப் பார்த்தால் கை நீளுகிறவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய உதவி. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. அதனால்தான் மாத்திரையோடு சேர்க்கும் முன் டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன்.

சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை கெமிக்கல். மூலிகைதானே நல்லது?

மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான்! கலேகா என்று ஐரோப்பாவில் ஊதாப்பூ பூக்கும் செடி. அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. மேய்ந்த ஆடுகளே செத்திருக்கின்றன. அதே குடும்பத்துப் பொருள்களை ஆராயும்போது 1922ல் மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள். 1957ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். செடியின் குணத்தை வைத்துக்கொண்டு நஞ்சைக் கழித்த மருந்து என்று எடுத்துக்கொள்ளுங்களேன்.

தாராவியில் ஒருவர் பொடி தருகிறார். நாலே நாளில் 280லிருந்து 110க்கு இறங்கிவிட்டது!

பாக்கெட்டில் பெயர், தேதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வெறும் பிளாஸ்டிக் கவர். நாலு நாளில் இவ்வளவு இறங்கினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இந்த மாதிரிப் பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் விழுங்கும் மாத்திரையும் அதே வகையாக இருந்துவிட்டால் இரட்டை டோஸ். வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டல் வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாகிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சீந்தில் கஷாயம்?

இதே மும்பையில், 2020 கடைசியில், சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. இந்தச் சண்டையில் நான் கல்லீரல் பக்கம். தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

வெந்தயம்?

தாராளமாக. அதன் கொழகொழப்பு கரையும் நார்தான். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்கும். ராத்திரி இரண்டு தேக்கரண்டி ஊறவைத்து, விதையோடு சாப்பிடுங்கள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிற மாமிகளே, நாரில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. மாத்திரைக்கும் இதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இன்சுலின் செடி இலை?

பெயரில் மட்டும்தான் இன்சுலின். அப்படியே இருந்தாலும் அது புரதம், வயிற்றில் செரித்துவிடும். பன்னிரண்டு வயது மகனுக்கு டைப் 1 (உடம்பு இன்சுலினைச் சுரக்காத சர்க்கரை நோய்) என்று சொன்ன அம்மாவுக்குத் தனியாக: எந்த இலைக்காகவும் இன்சுலின் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்க வேங்கை மர டம்ளர் வாங்கியிருக்கிறேன், வீணா?

முழு வீண் என்று சொல்லமாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். வேங்கையைச் சோதித்து 1998ல் வெளியிட்டது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் பலருக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, கொடுத்ததும் அளந்த சாறு. டம்ளரில் எவ்வளவு இறங்கும் என்று யார் அளப்பது? ஆசைப்பட்டால் குடியுங்கள், மாத்திரையும் ஓடட்டும், மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் நிறம் மாறாமல் இருந்தால், மரத்தில் சாரம் தீர்ந்துவிட்டது. பேனா போட்டு வைத்துக்கொள்ளலாம்.