பழைய எல்சாட் புத்தகம் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் சட்டம் படிக்க எல்சாட் எழுதப் போகிறேன். கையில் இருக்கும் பழைய வழிகாட்டியில் பெரும்பகுதி லாஜிக் கேம்ஸ்தான், அதாவது நிபந்தனைகளை வைத்து ஆட்களையோ பொருட்களையோ வரிசைப்படுத்தும் புதிர்கள். அதையே படிக்கலாமா? எப்போது விண்ணப்பிப்பது?

பதில்: அந்தப் பகுதியை அப்படியே மூடி வையுங்கள். 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் கிடையாது. இப்போது மதிப்பெண்ணுக்கு வருவது தர்க்கப் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று. கூடவே கணக்கில் சேராத பகுதி ஒன்றும் உண்டு, அது எது என்று சொல்லமாட்டார்கள், அதனால் நான்கையும் ஒழுங்காகத்தான் எழுதியாக வேண்டும். ஒவ்வொன்றும் 35 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

தர்க்கக் கேள்வியில் 'கட்டணம் ஏறியது, பேருந்தில் கூட்டம் குறைந்தது, ஆகவே கட்டணமே காரணம்' என்று வந்தால், விடைகளைப் பார்க்கும் முன்பே ஓட்டை எங்கே என்று யோசியுங்கள். விடுமுறைக் காலமாகவும் இருக்கலாமே! தவறிய கேள்விகளை நேரம் பார்க்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள், புதுத் தேர்வுகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட அதுதான் உதவும் என்பேன். அப்புறம், பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடம் தருகின்றன; கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், அதுதான் எப்போதும் தாமதமாகிற சமாச்சாரம்.