நாள் முழுக்க சக்தி தரும் கேப்சூல்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சில மாதங்களாக மத்தியானம் ஆனாலே உடம்பு அசந்துபோகிறது. நண்பர் ஒரு எனர்ஜி கேப்சூலைச் சிபாரிசு செய்கிறார். சாப்பிட்ட முதல் நாளே வித்தியாசம் தெரிந்ததாம். லேபிளில் பி12 1000 மைக்ரோகிராம், அதாவது தினசரித் தேவையில் 41,667 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்புறம் குவாரனா, ஜின்செங், எல்-கார்னிடைன் சேர்ந்த ‘எனர்ஜி பிளெண்ட்’ 600 மில்லிகிராம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணம் அந்த லேபிளிலேயே இருக்கிறது.

உங்கள் நண்பருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கலாம், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அது பி12 செய்த வேலையாக இருக்க வாய்ப்பில்லை. பி12 குறைவாக உள்ளவருக்கே அதைக் கொடுத்துச் சோர்வு தெளிய நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். முதல் நாளே சுறுசுறுப்பு வந்தது என்றால் குவாரனாவைத்தான் பார்க்க வேண்டும். அந்த விதையில் இருப்பது காஃபின், காப்பியில் இருக்கும் அதே பொருள். நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து அசதியை உண்டாக்கும். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபின் மறித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது அந்த ‘பிளெண்ட்’ என்ற சொல்லைப் பார்த்தால்தான். 600 மில்லிகிராம் என்று மொத்தத்தைச் சொல்லிவிட்டு, எது எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் காப்பி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் காஃபின் 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு 200. இந்தக் கேப்சூலில் எவ்வளவு என்று தெரியாதபோது உங்கள் கணக்கை எப்படிப் போடுவீர்கள்? உடம்பில் போன காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மத்தியானச் சோர்வுக்கு விழுங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும், மறுநாள் மத்தியானம் இன்னும் மோசமாகும், மறுபடியும் கேப்சூலைத் தேடுவீர்கள்.

சரி, அந்த 41,667 சதவீதம்? பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். குடல் தன் வழக்கமான வழியில் ஒரு வேளைக்கு உள்ளே எடுப்பதே இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான். மீதியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். பி12-ஐ உறிஞ்சுவதில் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஒரு பங்கே போதும், அதனால்தான் மருத்துவர்கள் 1000 எழுதிக் கொடுப்பது உண்டு. குறை இல்லாதவருக்கு அந்தச் சதவீதம் வெறும் எண்தான். சக்தி என்பது மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றிலிருந்து வரும் கலோரி. பி வைட்டமின்கள் அதை எடுத்துப் பயன்படுத்த உடம்புக்குத் துணை நிற்பவை. ‘சக்தி உற்பத்திக்கு உதவுகிறது’ என்று அட்டையில் எழுதினால் அது வைட்டமினைப் பற்றிய உண்மை. அந்தக் கேப்சூல் உங்கள் சோர்வைப் போக்கும் என்பதற்கு அது சான்று இல்லை. எல்-கார்னிடைனை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதற்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

மாதக்கணக்கில் நீடிக்கும் சோர்வுக்குக் காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். குறட்டை உண்டா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவரானால் அதை மறக்காமல் சொல்லுங்கள், நாள்பட அது பி12-ஐக் குறைக்கும். பரிசோதனைக்கு முன்பே கேப்சூலை ஆரம்பித்தால் ரத்தத்தில் பி12 ஏறிவிடும், குறை இருந்தது தெரியாமலே போகலாம். இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: மூலிகை, வைட்டமின்தானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கலாம். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் கை கால் மரத்துப்போகும், நரம்பே பாதிக்கப்படும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. சில மாத்திரைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், எண்ணைப் பாருங்கள். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்து மருந்து பிடிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பி2 வெளியேறும் நிறம்.

கேள்வி: நான் ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தலாமா?

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுக்காததென்றால் நிறுத்தலாம். காஃபினுக்குப் பழகியிருந்தால் சில நாள் தலைவலி வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். லேபிளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவுகள் தப்பாக வரக்கூடும். போகும்போது டப்பாவையே கையில் எடுத்துப் போங்கள்.